தார்ப்பாய்ச் சட்டை

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எம் பொண்ணுக்கு லாரித் தார்ப்பாயில மழைச்சட்டை தச்சு அனுப்புனனுங்க."

"ஏனுங்க, உங்க பொண்ணு லாரியா ஓட்டுது?"

"இல்லீங்க, லண்டன்ல சைக்கிள்ல வேலைக்குப் போவுது. அங்க கோடைன்னு பேருதான், எந்நேரமும் மழை. கடையில வாங்குன கோட்டெல்லாம் ஊறிப்போவுதாம். ஒருநா மழையில பின்னாடி வந்த காரு பாக்காம இடிச்சுருச்சுங்க. நல்லவேளை, முட்டி செராச்சதோட போச்சு."

"அய்யோ சாமி."

"நாமக்கல்ல தார்ப்பாய் தைக்கறவருகிட்டப் போய்ச் சொன்னனுங்க. சிரிப்பாருன்னு நெனச்சேன். அவரு சட்டையத் தச்சு, முதுவுல லாரிக்குப் பின்னாடி ஒட்டற, வெளிச்சம் பட்டா மின்னற செவப்பு ஸ்டிக்கரையும் ஒட்டிக் குடுத்தாரு. தார்ப்பாயில வண்டி நம்பர் எழுதறாப்புல பெயிண்ட்ல எம் பொண்ணு பேர எழுதிட்டாருங்க."

"இப்ப எப்படிங்க?"

"காரெல்லாம் தள்ளியே போவுதாம். நனையாம வந்துட்டேன்மான்னு தெனமும் போன் பண்ணுது. போட்டோவும் அனுப்பிருக்குது. தச்சுக் குடுத்தவருகிட்ட பட்டன் போனுதானுங்க, அதான் நேர்ல காட்டப் போறேன்."

கைப்பேசியைத் திறந்து பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார்.

"இத்தன மழையிலயும் பேரு அழியவேயில்ல பாருங்க. அத அவரு கண்ணால பாக்கோணும்ங்க."