மரக்காணத்திலும் மறைந்தது விண்மீன்

மேடையில் வீற்றிருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் அவர்களே, பெரிய காஞ்சிபுரத்திலிருந்தும் ஐயம்பேட்டையிலிருந்தும் தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிட்டிபாபு அண்ணா, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஜோசுவா, காஞ்சி வானியல் மன்றச் செயலாளர். எங்கள் தலைவர் கலையரசி அம்மையாருக்காக அழ மட்டும் நான் வரவில்லை. அவர் வென்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

உங்களுக்கு அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஜரிகை இழை கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று போனவர்களை உட்காரவைத்து, தெளிவாகத் தெரியும்வரை லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தவர். கடை வாசலில் தொலைநோக்கியை நிறுத்தி, பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கூப்பிட்டு சனிக்கோளின் வளையத்தைக் காட்டியவர். இந்த அரங்கில் எத்தனை பேர் அங்கே குனிந்து பார்த்திருப்பீர்கள்?

நெப்டியூனுக்கும் அப்பால் ஒரு பனி உலகம் இருக்கிறது. அதற்குப் பெயர்கூட இல்லை, எண்தான். பெரிய தொலைநோக்கிகளுக்கே வெறும் புள்ளி. சென்ற ஆண்டு மாசி மாதம் அது ஒரு விண்மீனின் குறுக்கே கடக்கும், அப்போது சில நொடிகள் அந்த விண்மீன் மறையும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். விண்மீன் ஒளியில் அந்தப் பனி உலகின் நிழல் பூமியில் விழும் பாதையில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. அந்தி சாய்ந்ததும் படம் பிடித்து அனுப்புங்கள் என்று எங்கள் மன்றத்தைக் கேட்டார்கள்.

அப்போது அம்மையாருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நிழலின் நடுவே இருந்த சின்ன காஞ்சிபுரத்து மொட்டைமாடியை அவருக்கென்று ஒதுக்கினோம். வேண்டாம் என்றார். நிழல் விழாத மரக்காணத்துக்குப் போகிறேன் என்றார்.

“அங்க ஒண்ணும் மறையாதேக்கா,” என்றேன்.

“எல்லாரும் ஒரே எடத்துல குந்திக்கினு பாத்தா எப்படிபா? அது பக்கத்துல வேற எதுனா இருக்குதா இல்லியானு யாரு பாக்கறது?”

“வேற யாரையாவது அனுப்பலாம்.”

“அவங்களுக்கு மட்டும் மறையறத பாக்க ஆசை இருக்காதா?”

யாருமே கேட்காத இடத்தைத் தலைவர் தனக்கென்று எடுத்துக்கொண்டார். உடம்பு முடியாத மனைவியை வேனில் படுக்கவைத்து உப்பளக் கரைக்கு ஓட்டிப் போனவர் சிட்டிபாபு அண்ணன்.

இங்கே விண்மீன் மறைந்தது. மொட்டைமாடியில் நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். உடனே அவருக்குப் போன் செய்தேன்.

“மறைஞ்சுதுக்கா.”

மறுமுனையில் கடற்காற்று இரைந்தது. அதற்கு நடுவே மெதுவாகச் சொன்னார்: “இங்கயும் மறைஞ்சுதுபா.”

நம்ப முடிகிறதா? ஆய்வாளர்களாலும் நம்ப முடியவில்லை. மேகமாக இருக்கலாம், மரக்காணத்துப் பதிவை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். அம்மையார் விடவில்லை.

“மேகம்னா பக்கத்து நட்சத்திரமும் மங்கணும். அது அப்படியேதான இருக்குது? முழு வீடியோவையும் அனுப்புபா.”

அனுப்பினோம். மாதங்கள் போயின. சிகிச்சையால் பலனில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். பதில் வருவதற்குள் அவர் போய்விடுவாரோ என்று நாங்கள் அஞ்சினோம்.

பதில் வந்தது. அதே பனி உலகம் தென் அமெரிக்காவில் வேறொரு விண்மீனை மறைத்தபோது, அங்கே இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஆம், அது ஒன்றல்ல, இரண்டு. ஏறக்குறைய ஒரே அளவு கொண்ட இரண்டு பனி உலகங்கள் அந்தத் தொலைவில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. அந்த இரண்டாவது உலகின் நிழலை முதன்முதலில் கண்டது யார்? காஞ்சிபுரம் கலையரசி என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள்.

மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவரிடம் அதைப் படித்துக் காட்டினேன். தன்னை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். நர்ஸ் மேரியைக் கூப்பிட்டு, “தோ பாரும்மா, அங்க ரெண்டு இருக்குதாம். ஒண்ண நான்தான் பாத்தேன்,” என்றார். அன்று அந்த வார்டு முழுவதற்கும் சிட்டிபாபு அண்ணன் மைசூர்பாக்கு வாங்கிக் கொடுத்தார். நோய் அவரை நம்மிடமிருந்து கொண்டுபோனது. ஆனால் அவர் தோற்றார் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

வரும் தை மாதம் அந்த இரட்டை உலகின் நிழல் மறுபடியும் தமிழ்நாட்டின் மேல் விழுகிறது. அம்மையாரின் தொலைநோக்கியோடு நாங்கள் அங்கே இருப்போம் என்று இந்த அவைமுன் உறுதி கூறுகிறேன். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று நேற்று அவர் வீட்டில் தயங்கி நின்றேன். அவரே கேட்டார்:

“தை மாசம் எந்த ஊருக்குபா போவணும்? வண்டிய சர்வீசுக்கு விடணும்.”

ஓசூருக்கு அண்ணா. மதியமே கிளம்பிவிடுவோம்.