இரண்டு விரல் மீதம்

“ஒரு குச்சி எரியற நேரத்துல நான் என்னென்ன செய்வேன் தெரியுமா, தமாயோ அக்கா?” என்று கிகுயே ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

“சொல்லு, கேப்போம்.”

“புள்ளையக் குளிப்பாட்டுவேன். ஊறுகாய்த் தொட்டியக் கிளறுவேன். மாமியார்கிட்ட ஒரு சண்டை போட்டு, அதுல தோத்தும் போவேன். அப்பவும் இவரு முதுகு சொறிய நேரம் மிச்சம் இருக்கும்.”

நான் சிரித்தேன். உங்கள் மனைவிக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், எய்கிச்சி. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

உட்காருங்கள். பார்லித் தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு வைக்கோல் கயிறுகளும் அவளுடைய மழையங்கி மடிப்பில் கிடைத்தன என்றீர்கள். ஒன்றில் ஒன்பது முடிச்சு, மற்றதில் ஏழு. இது என்ன கணக்கு என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

குளம் பாதிக்குக் கீழே இறங்கினால் நம் ஊரில் மடையைக் குச்சி வைத்துத் திறப்பது வழக்கம். வீட்டுக்கு ஓர் ஊதுவத்திக் குச்சி. அது எரிந்து முடியும்வரை தண்ணீர் அந்த வீட்டு வயலுக்கு. முடிந்ததும் நான் முரசை அடிப்பேன், மடை அடுத்த வீட்டுக்குத் திரும்பும். குச்சிப் பெட்டியும் முரசும் குளக்கரையில் இந்தக் குடிசையில் இருப்பதும், இதைப் பார்ப்பவர் வீட்டுக்கு ஒரு கையளவு வயல்கூட இருக்கக் கூடாது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பாவுக்குக் கண் மங்கியபின் குச்சி வெட்டியது நான்தான். பதினான்கு கோடையாக ஒருவரும் என் மீது குறை சொன்னதில்லை.

உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்திய கோடையில் உங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் நீங்கள் இங்கே வந்து உட்காருவீர்கள். வாய்க்காலைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு மத்தியானம், “உன் பக்கத்துல உக்காந்தா குச்சி சீக்கிரமா எரிஞ்சு போகுது, தமாயோ,” என்றீர்கள். உங்களுக்கு அது பேச்சோடு போன பேச்சு. நான் அதை ஒரு வாக்காக எடுத்து வைத்துக்கொண்டேன். அறுவடை முடிந்து நீங்கள் வாய் திறந்து கேட்பீர்கள் என்று இருந்தேன். அறுவடை முடிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிகுயே வந்தாள்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்தன்று நூடுல்ஸ் மாவு பிசைந்தவர்களில் நானும் ஒருத்தி. அவளும் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். முறைக்கு வரும்போதெல்லாம் இந்தப் படியில் உட்கார்ந்து உங்களைப் பற்றிப் பேசுவாள். தூக்கத்தில் நீங்கள் பல்லைக் கடிப்பது, காரமான முள்ளங்கி சாப்பிட்டால் காது மட்டும் சிவப்பது. உங்கள் சட்டைக் கை கிழிந்தபோது நீல நூல் தீர்ந்துவிட்டதென்று தன் கல்யாண உடையின் ஓரத்திலிருந்து நூல் உருவித் தைத்ததைக்கூடச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய குச்சி மட்டும் மிக மெதுவாக எரிவதுபோல் இருந்தது. உங்களோடு இருந்தபோது அவ்வளவு வேகமாக எரிந்த குச்சி.

குச்சியின் நீளத்தை ஊரே பார்க்கும். தண்ணீர்ச் சங்கத்துப் பெரியவர் தினமும் காலையில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை. நன்றாகக் காய்ந்த குச்சி வேகமாக எரியும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மழைநாளில் அப்பா அதற்காகவே பெட்டியைத் துணியால் மூடுவார். போன வருட வறட்சியில் நான் உங்கள் வீட்டுக் குச்சிகளை மட்டும் அடுப்புச் சாம்பல் சூட்டில் வைத்து எடுத்தேன். நீளத்தில் ஒரு நெல்மணி அளவுகூடக் குறைக்கவில்லை. உங்களுக்குக் குறைந்த தண்ணீர் மற்ற முப்பத்தேழு வீட்டுக்கும் போனது. அதில் எனக்கு ஒரு சொட்டும் இல்லை. அதனால் அதைத் திருட்டு என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் வயல் மேட்டில் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து மிதிசக்கரம் போட்டு ஏற்ற வேண்டும். நீங்கள் அந்தக் கோடை முழுதும் தினமும் துறைமுகத்துக்குக் கூலிக்குப் போய் வந்தீர்கள், மிதித்தது கிகுயே. நூறு மிதிக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குக் கைமாற்றாக மிதித்தபோது ஒரு குச்சிக்கு ஒன்பது முடிச்சு வந்தது. தன் வயலுக்கு ஏழு. ஒருநாள் இல்லை, ஐந்து முறை எண்ணிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

“அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எங்க குச்சியில ஏதோ இருக்கு. உங்க மேல சந்தேகம் இல்ல. நீங்க கொஞ்சம் பார்த்தாப் போதும்,” என்றாள்.

என்னிடம் சொன்னால் போதாது, சங்கத்தில் சொல், அதுதான் முறை என்று நான்தான் அனுப்பினேன். குச்சியைச் சந்தேகிப்பவர் ஊர் முன்னால் இரண்டு குச்சியை ஒன்றாக ஏற்றிவைத்து எதிரே உட்கார வேண்டும், சந்தேகம் பொய்யானால் அவர் வீட்டுக்கு ஒரு முறைத் தண்ணீர் பறிபோகும் என்பது மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. அன்று காலை பெட்டியில் நான் வைத்திருந்தது எல்லாமே சூடு காட்டாத புதுக் குச்சிகள். இரண்டும் ஒன்றாகவே எரிந்து ஒன்றாகவே அணைந்தன. கூட்டத்தில் யாரோ, வெளியூர்க்காரிக்கு நம்ம குச்சிமேலயே சந்தேகம் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலை குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். எழுந்திருக்க முடியாமல் கால் மரத்திருந்தது, நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று அவளே மறுநாள் என்னிடம் சொன்னாள். வயல் நனையாமல் வீட்டுக்கு வராதே என்றீர்களாம். கோபத்தில் சொல்வதுதான். அதற்காக உங்களை நான் குற்றம் சொல்லவில்லை.

முறை போனவர்கள் வாளியில் மொண்டு போகத் தடையில்லை. குளம் அப்போது மதகுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்துக்குள் சுருங்கியிருந்தது. சுற்றிலும் சேறு. நண்பகல். மடைக்காரர்கள் கரைக்கு அந்தப் பக்கம் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், இந்தக் குடிசையிலிருந்து பார்த்தால்தான் பள்ளம் தெரியும். அவள் காவடித் தடியில் இரண்டு வாளியோடு இறங்கினாள். ஏழாவது நடையோ எட்டாவதோ. கால் உள்ளே போனது. இழுக்க இழுக்க இடுப்புவரை போனது. தடியைக் குறுக்கே போட்டுப் பிடித்துக்கொண்டாள். புத்திசாலிப் பெண். என்னைப் பார்த்து “அக்கா, முரசு” என்று கூப்பிட்டாள்.

நான் கையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

முரசுக்கோல் என் மடியில்தான் இருந்தது. ஓர் அடி அடித்திருந்தால் மடைக்காரர்கள் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் எரிந்துகொண்டிருந்தது கோடி வீட்டுக் குச்சி. இன்னும் இரண்டு விரல் மீதம் இருந்தது. குச்சி முடியாமல் முரசு அடித்தால் மடை திரும்பிவிடும், ஒரு வீட்டுத் தண்ணீர் வீணாய்ப் போகும். பதினான்கு வருடத்தில் நான் அப்படி அடித்ததில்லை. குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பல்லைக் கடிப்பீர்கள் என்றாளே, அதை நினைத்துக்கொண்டிருந்தேன். சாம்பல் விழுந்ததும் அடித்தேன். அப்போது சேற்றின்மேல் தடி மட்டும்தான் கிடந்தது.

அன்று நீங்கள் இந்தப் படியில் நெற்றி படக் கும்பிட்டீர்கள். “நீ பாக்கலேன்னா உடம்புகூடக் கெடச்சிருக்காது, தமாயோ,” என்றீர்கள். பல வருடம் கழித்து என் பெயர் உங்கள் வாயில் வந்தது.

ஆக, கயிற்றுக் கணக்கு சரிதான். அவள் பொய் சொல்லவில்லை. சங்கத்தில் நீங்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் நானே சொல்கிறேன். காவல் நிலையத்துக்கும் வருகிறேன். அதற்கு முன் ஒன்று. இந்தக் கோடையில் உங்கள் வீட்டுக் குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இன்று காலை உங்கள் முறையில் பதினொரு முடிச்சுக்கு மேல் மிதித்திருப்பீர்கள். கவனித்தீர்களா? நான் இங்கிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். உங்கள் மகளும் நேற்று என் கையால்தான் நூடுல்ஸ் சாப்பிட்டாள், இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

கயிற்றை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறீர்கள்? கீழே வையுங்கள். தேநீரைக் குடியுங்கள். அந்தக் கோடையில் நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இன்று நானே கேட்டுவிடுகிறேன்.

“பெட்டிய இன்னைக்கே சங்கத்துல குடுத்துடறேன், எய்கிச்சி. என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”