நடைவழி பல்பு மஞ்சளாகும் வரை

மின்சாரம் திரும்பி வந்தவுடன் எதையும் போட்டுவிடக் கூடாது என்பது இபாதானில் குழந்தைகளுக்கும் தெரியும். தங்களுக்கும் தெரிந்திருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆயினும் அதிலிருந்தே தொடங்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வளாகத்தின் நடைவழியில் ஒரு பல்பு தொங்குகிறது. அது நேரே கம்பத்து மின்சாரத்தில் எரிவது. மின்சாரம் வந்ததும் எல்லோரும் ஆரவாரம் செய்வார்கள். ஆனால் அந்தப் பல்பு வெள்ளையாகச் சீறினால் மின்னழுத்தம் மிகுந்திருக்கிறது, போட்ட பொருள் கருகிவிடும் என்று எவரும் எதையும் தொட மாட்டார்கள். அது மஞ்சளாகி அடங்கிய பிறகே, ஜெனரேட்டரிலிருந்து கம்பத்து மின்சாரத்துக்கு மாற்றும் கைப்பிடியை அவரவர் இழுப்பார்கள். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற என்னிடம் பல்பைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்கள்.

எதிர் அறையில் இருக்கும் லிகாலிக்கு மட்டும் இதில் பொறுமை கிடையாது. "லைட்டு என்ன புதுப்பொண்ணா டீச்சரம்மா, உக்காந்து அழகு பாத்துக்கிட்டிருக்க?" என்பான்.

என் கணவர் அகின்குன்மி பிராணவாயு இயந்திரத்தின் துணையோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிற்பகல் நான் மருந்து வாங்கச் சென்றிருந்தேன். அப்போது மின்சாரம் வந்தது. எங்கள் ஜெனரேட்டரின் இரைச்சல் லிகாலி டிவியில் கால்பந்தாட்டம் பார்ப்பதற்கு இடையூறாக இருந்ததாம். எங்கள் கைப்பிடியை அவனே இழுத்துவிட்டு, ஜெனரேட்டரையும் அணைத்துவிட்டான். நான் திரும்பியபோது அறை முழுவதும் கருகிய நாற்றம். என் கணவரைக் காரில் ஏற்றினோம். மருத்துவமனை வாசல்வரைகூட அவர் தாங்கவில்லை.

பல்பைப் பார்த்தாயா என்று லிகாலியிடம் கேட்டேன். அடக்கத்துக்கு வந்தவர்களின் காதில் விழும்படியே அவன் சொன்னான்: "மிஷின்தானே டீச்சரம்மா. அதுக்கும் ஆயுசு முடிஞ்சிருக்கும்."

நான் அவனுக்கு நன்றி கூறி, நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

பல்பு பார்க்கும் வேலையையும் விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் லிகாலியின் தாயாருக்கு நெஞ்சில் நீர் கோத்து, அதே போன்ற இயந்திரம் அந்த அறைக்கும் வந்தது. என்னிடம் ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. கணவர் இறந்த பிறகு வாங்கியது. அவருடைய வானொலி அதில்தான் இணைந்திருக்கிறது. வானொலியை நான் போடுவதில்லை. லிகாலி ஸ்டெபிலைசரை இரவல் கேட்டபோது, உபயோகத்தில் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னேன். அவன் சிரித்தான். "அதுவும் சரிதான். நீங்க இருக்கறப்ப எங்களுக்கு எதுக்கு ஸ்டெபிலைசர்?"

அந்த மூதாட்டி எனக்கு ஒரு தீங்கும் செய்தவர் அல்லர். வெள்ளிதோறும் காராமணி அரைத்துச் சுட்ட அகாரா வடை சூடாகக் கொண்டுவந்து தருவார். என் கணவரும் லிகாலிக்கு ஒரு தீங்கும் செய்தவர் அல்லர். இதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த சனிக்கிழமை மழை விட்டதும் மின்சாரம் வந்தது. பல்பு அத்தனை வெண்மையாக எரிந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, இப்போது வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லி வந்தேன். தையற்காரி செகினாத்தின் இயந்திர இணைப்பை என் கையாலேயே பிடுங்கி வைத்தேன். லிகாலியின் கதவை மட்டும் தட்டவில்லை.

அவன் ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரும் நிலை. உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தான். "டீச்சரம்மா, மாத்தட்டுமா?"

"மாத்து, லிகாலி."

அவனே இழுத்தான். அவன் தாயின் இயந்திரத்தின் கைப்பிடியை அவனே இழுத்தான் ஐயா. நான் அதைத் தொடவில்லை. பல்பு மஞ்சளாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்லும் வழக்கம் இல்லாதவள்.

புகை வந்த பிறகு அவன் தாயை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தான். நான் அருகில் அமர்ந்து அந்த அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்த பிறகே சொன்னேன்.

"மிஷின்தானே, லிகாலி. அதுக்கும் ஆயுசு முடிஞ்சிருக்கும்."

அன்று எங்கள் வளாகத்தில் வேறு எவருடைய பொருளும் பழுதாகவில்லை. என்னை நம்பி ஒப்படைத்த பொறுப்பில் நான் தவறவில்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.