ஒரு ஷீட்டுக்குப் பதினாறு முகம்

உட்காரும்மா சிந்துஜா. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், பழகிடும். புதுசா ஜெராக்ஸ் கடை போடறவன் எல்லாம் மெஷின் வெலையத்தான் பாப்பான். ஆளை முழுங்கறது இங்க்குதான். நான் எப்பவும் இங்க் கம்மியா இழுக்கற டிராஃப்ட் மோடுல போடுவேன். எழுத்து லேசா சாம்பலா வரும், ஆனா படிக்கலாம். ஒரு பக்கம் அடிச்ச பேப்பரைத் தூக்கிப் போட மாட்டேன், திருப்பி மறுபக்கம் அடிப்பேன். நல்ல பேப்பர் குப்பைக்குப் போறதப் பாத்தா எனக்கு வயிறு எரியும். அது என் குணம்.

நீ கேக்க வந்தது வேற. உங்கப்பா ராபர்ட்டோட கடைசி போட்டோவ ஸ்டுடியோ மணவாளன்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்திருக்க. மொகம் இவ்வளவு பளிச்சுனு இருக்கே, எங்கம்மாவுக்கு எப்படி அடையாளம் தெரியாமப் போச்சு மாமான்னு கேக்கற. நியாயமான கேள்விதான்.

சுனாமி வந்தப்ப என் கடை கடலூர் முதுநகர்ல இருந்துச்சு. உங்கப்பா ஐஸ் வண்டி ஓட்டுவாரு. அன்னிக்குக் காலையில துறைமுகத்துக்கு ஐஸ் எறக்கப் போனவருதான். கெடைச்ச உடம்புங்கள வெச்சிருக்க முடியாது, அன்னன்னிக்கே அடக்கம் பண்ணியாகணும். அதனால ஸ்டுடியோ மணவாளன் ஒவ்வொருத்தரையும் போட்டோ எடுத்து சிடியில போட்டுக் குடுத்தான். அதைப் பிரிண்ட் போட்டுக் கல்யாண மண்டபத்துச் சுவத்துல ஒட்டணும், ஜனங்க பாத்து அடையாளம் சொல்லணும். நான்தான் போட்டுத் தர்றேன்னு முன்னால வந்தேன். காசு வாங்கல, அதை மறந்துடாத.

ஒரு மொகத்துக்கு ஒரு ஷீட்டு, கலர்ல போடுன்னு மணவாளன் சொன்னான். எனக்கு மனசு வரல. ஒரு ஷீட்டுக்குப் பதினாறு மொகம் போட்டேன். கருப்பு வெள்ளை, டிராஃப்ட் மோடு. பேப்பரும் புதுசு இல்ல, டியூஷன் சென்டர்ல மிச்சமான கேள்வித்தாளோட பின்பக்கம். முன்பக்கத்து எழுத்து லேசா ஊடுருவிச்சு. ஏற்கெனவே ஊதிப்போன மொகம் வேற. பாத்தவங்க, எல்லாம் ஒண்ணு போலவே இருக்கேன்னு சொன்னாங்க. தண்ணியில கெடந்தா அப்படித்தான் இருக்கும்னு நான் சொன்னேன்.

உங்கம்மா ஜெயராணி உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் அந்தச் சுவத்துக்கு முன்னாடியே நின்னாங்க. உங்கப்பா இருந்த ஷீட்டு அவுங்க கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. இல்லைன்னுட்டுப் போயிட்டாங்க. அப்ப எனக்கு உங்கப்பாவைத் தெரியாது. அதுவரைக்கும் என் மேல தப்பு இல்லைன்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன்.

பொங்கல் கழிச்சு உங்கம்மா கடைக்கு வந்தாங்க. காணவில்லைன்னு நோட்டீசு அடிக்கணும்னு ஒரு கல்யாண போட்டோவக் குடுத்தாங்க. ஸ்கேன் பண்ணினேன். எடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு. மண்டபத்துக்குப் பிரிண்ட் போட்டப்ப அந்தத் தழும்பை ஸ்க்ரீன்ல பெரிசாப் பாத்த ஞாபகம். நாளைக்கு வாம்மான்னு அனுப்பிட்டு, சிடியைப் போட்டுப் பாத்தேன். அவரேதான்.

மறுநாள் சொல்லணும்னுதான் இருந்தேன். உள்ள வந்ததும், "அண்ணே, அந்தச் செவுத்துல அவரு இல்ல, நான் நல்லாப் பாத்துட்டேன், அப்ப உயிரோடதானே இருக்காரு"ன்னாங்க. மொகம் அப்படித் தெளிஞ்சு இருந்துச்சு. இருந்தாரு, என் பிரிண்டுல தெரியலைன்னு எப்படிம்மா சொல்றது? விஷயம் தெரிஞ்சா, அந்தச் சுவத்தைப் பாத்து இல்லைன்னுட்டுப் போன மத்த குடும்பம் எல்லாம் வந்து வாசல்ல நின்னிருக்கும். நோட்டீசு அடிச்சுக் குடுத்தேன். ஒரு ஷீட்டுக்கு ரெண்டு. மண்டபத்து ஷீட்டை எல்லாம் வாங்கிட்டு வந்து எரிச்சேன், சிடியை உடைச்சேன். மணவாளன் இன்னொண்ணு வெச்சிருப்பான்னு தோணல.

நாகப்பட்டினம், காரைக்கால், வேளாங்கண்ணி, சென்னையில ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசல்னு உங்கம்மா ஒட்டாத எடமில்ல. நோட்டீசு தீரத்தீர வருவாங்க. கதவு தெறக்கற சத்தம் கேட்டாலே மெஷினுக்குப் பின்னால குனிஞ்சுக்குவேன். தாங்க முடியாம கடையைக் காலி பண்ணிட்டு இந்தச் சிதம்பரத்துக்கு வந்தேன். மூணாவது மாசமே பஸ் ஏறி வந்துட்டாங்க. "ஏண்ணே சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க? ஒங்களை மாதிரி கட்டுசெட்டா யாரு போட்டுத் தர்றாங்க"ன்னாங்க. அன்னிக்குப் புரிஞ்சுது, எனக்குப் போக்கிடம் இல்லைன்னு. நீ என்னை அப்படிப் பாக்காத. நானும் இத்தனை வருஷமா மாட்டிக்கிட்டுதான் கெடக்கேன்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மொத நாள் வந்தாங்க. நோட்டீசு கேக்கல. இதே ஸ்டூல்ல உக்காந்தாங்க, கையில ஒரு மெழுகுவத்திப் பொட்டலம். "ஊரே நாளைக்குக் கல்லறைக்குப் போவுதுண்ணே. ஃபாதர் என்னையும் அவருக்கு மெழுகுவத்தி கொளுத்தச் சொல்றாரு. சரின்னு வாங்கிட்டேன், ஆனா மனசு ஒப்பல. அவரு போயிட்டாருன்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டா அழுது தீத்துருவேன். புள்ளைய வெச்சுக்கிட்டு எத்தனை வருஷம் இப்படி நடுவுல நிக்கறது? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்கண்ணே. கொளுத்தட்டுமா, வேணாமா?"

உங்கப்பா இருக்கற எடம் எனக்குத் தெரியும். அடையாளம் தெரியாதவங்களை எல்லாம் சேத்து அடக்கம் பண்ணின மேடு. இங்கேர்ந்து ஒரு மணி நேர பஸ்.

நான் சொன்னேன், "உசுரோட இருக்கறவருக்கு யாராவது மெழுகுவத்தி கொளுத்துவாங்களா? வேணாம்மா, வந்துடுவாரு."

கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. என் கையைப் புடிச்சு, நீங்க நல்லா இருக்கணும்ணேன்னாங்க. அப்பறம் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காம எதுத்தாப்புல வாங்கின கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டு, புதுசா நோட்டீசு வாங்கிட்டு ஊருக்குப் போனாங்க.

ஒரு மெழுகுவத்திகூட வீணாப் போகலம்மா.