அவிழாத ஐந்து முடிச்சுகள்

கொழுந்தன்: இப்பவே எதுக்கு அண்ணி பாயைச் சுருக்கணும்? காத்து ஒண்ணும் அவ்வளவு இல்லையே!

அண்ணி: சுருக்கலாமான்னு மனசுல பட்டதுமே சுருக்கிடணும்ப்பா. மேற்கே தண்ணியப் பாரு.

கொழுந்தன்: கறுத்துட்டு வருது...

அண்ணி: அது நம்மகிட்ட வர்றதுக்குள்ள வேலை முடியணும். முன்பாயை இறக்கு.

கொழுந்தன்: இறக்கியாச்சு. அண்ணன் மட்டும் கூட இருந்திருந்தா...

அண்ணி: அந்தப் பேச்சே வேண்டாம். என் படகுல அவர் கால் வைக்கக் கூடாது. சொன்னா சொன்னதுதான்.

கொழுந்தன்: ஒரு பாய் கிழிஞ்சதுக்கு மூணு மாசமா தண்டனையா?

அண்ணி: நானே உக்காந்து தைச்ச பாய் அது! ...சரி, சுக்கானைப் பிடி. படகு மூக்கு காத்தைப் பார்த்தே இருக்கணும். நான் பாய்மரத்துக்குப் போறேன்.

கொழுந்தன்: இந்த ஆட்டத்துலயா?

அண்ணி: படகுன்னா ஆடாம பின்ன? இடுப்புல கயிறு கட்டியிருக்கேன். நீ பாய்க் கயிறைத் தளர்த்து.

கொழுந்தன்: ஐயோ, படபடன்னு அடிக்குதே!

அண்ணி: அடிக்கட்டும். பாதி இறக்கிட்டேன்... பாயோட முன்மூலை வளையத்தைக் கொக்கியில மாட்டியாச்சு... இப்ப பாயோட பின்மூலைக் கயிறை இழு. இன்னும்... சாப்பிட்டியா இல்லையா? இழுப்பா!

கொழுந்தன்: இழுத்துட்டேன்!

அண்ணி: தொங்குற துணியைச் சுருட்டிக் கட்டுறேன்... ஒரு முடிச்சு... ரெண்டு... மூணு...

கொழுந்தன்: அண்ணி, வந்துருச்சு!

அண்ணி: நாலு... அஞ்சு. பாயை ஏத்திட்டேன். பாய்க் கயிறை இழுத்து ஓட்டு!

கொழுந்தன்: இழுத்தாச்சு!

அண்ணி: எப்படிப் போகுது?

கொழுந்தன்: சும்மா லேசாதான் சாயுது அண்ணி! அங்க பாருங்க, அந்தப் பெரிய படகு முழுப் பாயோட தத்தளிக்குது. நம்மளது ஜம்முனு போகுது. நீங்க மனுஷிதானா? அந்த ஆட்டத்துல அஞ்சு முடிச்சு, கண் மூடித் திறக்கறதுக்குள்ள!

அண்ணி: போதும், ரொம்ப ஐஸ் வைக்காதே. ஓட்டு.

கொழுந்தன்: சத்தியமா அண்ணி. உங்களை மாதிரி வரவே வராது எனக்கு.

அண்ணி: வரும். ...பாரு, காத்து இறங்கிடுச்சு. பாயை முழுசா விரிக்கலாம். இந்தத் தடவை நீ போ.

கொழுந்தன்: நானா?

அண்ணி: நீதான். ...ஏன் நின்னுட்டே?

கொழுந்தன்: முதல்ல அஞ்சு முடிச்சையும் அவிழ்க்கணும். அப்புறம்தான் பின்மூலைக் கயிறை விடணும். மாத்தி விட்டா இழுப்பெல்லாம் முடிச்சு மேல வந்து... பாய் கிழிஞ்சிடும்.

அண்ணி: அட! யார் சொல்லிக் கொடுத்தா?

கொழுந்தன்: அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அண்ணி: சொல்லு.

கொழுந்தன்: பாய் கிழிஞ்ச அன்னைக்குப் பின்மூலைக் கயிறை முதல்ல விட்டது அண்ணன் இல்ல. நான். நீங்க வந்து கேட்டதும் அவர் முந்திக்கிட்டு நான்தான்னுட்டார். நான் வாயை மூடிட்டு நின்னேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, அவரை ஏத்திக்குங்க.

அண்ணி: தெரியும்.

கொழுந்தன்: தெரியுமா!

அண்ணி: கிழிஞ்ச பாய்ல அஞ்சு முடிச்சும் இம்மி நகராம இருந்துச்சு. உங்க அண்ணன் ஷூ கயிறு கட்டினாலே வாசல் தாண்டறதுக்குள்ள அவிழ்ந்துடும். அவ்வளவு அழகா நீதான் கட்டியிருப்பே; கட்டினவன்தானே விரிக்கவும் போயிருப்பான்.

கொழுந்தன்: தெரிஞ்சுமா அவரைத் தள்ளி வெச்சீங்க? பாவம் அண்ணி, நாம கிளம்பறப்ப எல்லாம் கரையில நின்னு கையாட்டுறார்.

அண்ணி: எப்படி ஆட்டுறார்?

கொழுந்தன்: எப்படின்னா... சிரிச்சுக்கிட்டேதான்.

அண்ணி: தண்ணின்னாலே அவருக்கு நடுக்கம்ப்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தார், ஒரு வார்த்தை சொன்னதில்ல. பயமா இருந்தா வராதீங்கன்னு நான் சொல்லியிருந்தா மனுஷன் நொந்து போயிருப்பார். நீ பாயைக் கிழிச்சே, எனக்கும் கோவிச்சுக்க ஒரு சாக்கு கிடைச்சுது. கரைக்குப் போனதும் உண்மையைச் சொல்றேன்னு அவரை மறுபடி படகுல ஏத்திடாதே!