கரடி கடித்த பெட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் வன ஆய்வு அலுவலகத் தலைவர் அவர்களே, அப்பாவோடு காட்டில் நடந்த பெரியவர்களே, சாப்பாட்டு அறையிலிருந்து நாற்காலி தூக்கி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, என் அம்மாவே, எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் "கேமரா டாக்டர்" என்று அழைத்தவர், போன வாரம் காய்ச்சலில் நம்மை விட்டுப் போனவர், என் அப்பா. மரத்தில் கட்டிவைத்தால் எதிரே வரும் விலங்கைத் தானாகவே படம்பிடிக்கும் கேமராக்களைக் காத்தவர். எறும்பு புகாமல், கேமரா இருக்கும் இரும்புப் பெட்டியின் இடுக்குகளை அடைத்தவர். ஈரத்தை உறிஞ்ச உள்ளே சிறு பொட்டலம் வைத்தவர். பன்றி உரசும் என்று உயரத்தை மாற்றிக் கட்டியவர். இதையெல்லாம் சொல்லி நீங்கள் பெருமைப்பட்டீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் மழைக்கோட்டில் பொத்தான் அறுந்து மழைக்காலம் முழுவதும் அப்படியே கிடந்தது. பெட்டியின் ரப்பர் விளிம்பு லேசாக விலகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பொறாமைப்படாமல் நான் வேறு என்ன செய்வேன்?

காட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் அவர் சோப்பு போட மாட்டார், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். வாசனை கைவழியாகப் பெட்டியில் ஒட்டினால் கரடி தேடி வந்து கடிக்குமாம். நான் ஓடிப் போனால், "தள்ளி நில்லும்மா, பவுடர் ஒட்டிக்கும்" என்பார்.

"உங்களுக்கு நான் பொண்ணா, அந்தப் பொட்டி பொண்ணாப்பா?"

"பொட்டி இவ்வளவு வாயாடாதும்மா."

அம்மா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கேமராவுக்கு முன்னால் அவரே விலங்குபோலத் தவழ்வாராம். அந்தப் படங்களைச் சற்று முன்பு திரையில் காட்டினீர்கள். தலையைச் சிலுப்புகிறார், நாக்கை நீட்டுகிறார். அந்த முகத்தை எனக்கு ஒரு நாளாவது காட்டினாரா? அதைப் பார்த்துச் சிரித்த உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான்.

இதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் பல் பதிந்த ஒரு பெட்டி இருக்கிறது. அவர் கையால் கட்டியவற்றில் கரடி கடித்தது இது ஒன்றுதான் என்றும், இனி அலுவலக வாசலில் கண்ணாடிக்குள் வைப்போம் என்றும் தலைவர் அறிவித்தார். அப்போது ஜீப் ஓட்டும் மாமா என் காதருகே குனிந்தார்.

"கடிச்சது கரடி. கடிக்க வெச்சது நீதாம்மா."

"நானா மாமா?"

"இந்தப் பொட்டியக் கட்டப் போன அன்னிக்கு, நீ பேச்சுப் போட்டியில தோத்துட்டு வந்து அழுதியாமே. உன்னைத் தூக்கி வெச்சு சமாதானம் பண்ணிட்டு, சட்டைகூட மாத்தாம வண்டியில ஏறிட்டாரு. வண்டி பூரா பவுடர் வாசனை. 'என்ன டாக்டரே, கரடிக்கு விருந்தா?'ன்னேன். 'கடிச்சா கடிச்சிட்டுப் போகட்டும்ப்பா, புள்ள அழுதுச்சு'ன்னாரு."

பெரியவர்களே, அடுத்த முறை பெட்டி கட்டப் போகும்போது என்னையும் அழைத்துப் போங்கள். முந்தின நாள் பவுடர் பூச மாட்டேன். இடுக்கு அடைப்பேன், பொட்டலம் மாற்றுவேன், அவரைப்போலவே தவழ்ந்தும் காட்டுவேன். அவர் காத்த கேமராக்கள் அத்தனையும் உங்களுடையவை. அவற்றை நாம் சேர்ந்து காப்போம்.

ஆனால், தலைவர் அவர்களே, இந்த ஒரு பெட்டியைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். இது என்னுடையது.