மேஸ்திரி படத்துக்கு மாலை

ஹலோ... ஹலோ, தம்பிதானே? நாலு தடவை அடிச்சாச்சு. இப்ப எவன் கையைப் பாத்தாலும் போன் இருக்கு, எடுத்துப் பேசத்தான் ஒருத்தனுக்கும் கை வரமாட்டேங்குது. தூங்கும்போதுகூட நெஞ்சு மேல வெச்சுக்கிட்டுத் தூங்கறானுங்க, சொந்த அண்ணன் கூப்பிட்டா மட்டும் சத்தமே கேக்கலையாம்...

ஆமா... ஆமா, நல்லாத்தான் இருக்கேன். உன் அண்ணியும் நல்லா இருக்கா. அதை விடு. ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காம பதில் சொல்லு. என் வீட்டுக்குள்ள இப்ப யாரு இருக்காங்க?

...பூட்டியிருக்கா. சரி. வாரத்துக்கு ஒரு நாள் தொறந்து பெருக்கறியா. சரி, சரி. ஏன் இருமற? பொய்யை நிதானமா சொல்லு, நான் ஒண்ணும் ஓடிப்போயிடமாட்டேன்...

நேத்து என் வீட்டைப் பாத்தேன்டா. டிவியில.

...இல்ல, கனவு இல்ல. டிவியில. என் பெரியவன் போன வாரம்தான் இந்த வெளிநாட்டு வீட்டுல டிவிக்கு ஒரு பொட்டி வாங்கி மாட்டினான். ஊர்ல ஓடற அத்தனை சேனலும் அதுல வருது. மகனும் மருமகளும் காலையில வேலைக்குப் போயிடறாங்க. வெளிய குளிரு. பேச ஒரு ஆள் கிடையாது. உன் அண்ணி சோபாவுல ஒரு மூலை, நான் ஒரு மூலை, நாள் பூரா அந்தக் கருமத்தைத்தான் பாக்கறோம். ஒருத்தன் அறையறதை மூணு தடவை காட்டறான். தூங்கி எழுந்து வர்றவ கழுத்து நிறைய நகை. பால்ல விஷம் கலக்கறவ, கலக்கறேன் கலக்கறேன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே கலக்கறா, பக்கத்துல நிக்கறவளுக்குக் காது கேக்கல. இதையெல்லாம் ஒக்காந்து எழுதறதுக்கு ஒருத்தன். த்தூ...

இரு, அங்கதான் வர்றேன். அந்த விஷக்காரி மாடியிலருந்து இறங்கி வர்றா. மூணாவது படியில கால் தடுக்கிச்சு. நான் நிமிந்து ஒக்காந்துட்டேன். அது நடிப்பு இல்லடா. அந்தப் படி மத்த படியைவிட ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம் ஒசரம். நான் வெச்ச படி. ஊருக்கெல்லாம் வீடு கட்டினேன், எங்கயும் ஒரு தப்பு சொல்ல முடியாது, என் வீட்டுலதான் அது வந்து தொலைஞ்சுது...

சும்மா இரு. நீ என்ன சொல்றது, எனக்குத் தெரியாதா என் கூடம்? பச்சைப் பெயிண்டு அடிச்சு வெச்சிருக்கீங்க. நடுவுல அட்டையில ஒரு தூணு. மேல ஒண்ணையும் தாங்கல, சும்மா நிக்குது. கொத்துக்கரண்டி புடிச்சவன் கண்ணுக்கு அதைவிட அசிங்கம் உண்டா?

...ம்... ம். சீரியல்காரங்களுக்கு விட்டேன்னு இப்பவாவது வாயில வந்துச்சே. எத்தனை மாசமா?

...ஆறு மாசம். நாங்க விமானம் ஏறி ரெண்டாவது மாசமே. துப்புரவா இருக்குடா உன் காவல்.

வாடகையைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அதை நீயே வெச்சுக்க. செவுத்துல மாட்டியிருக்கே, அது என்ன?

...எதுன்னு கேக்காத. என் படம். மேஸ்திரிங்க சங்கத்துல எடுத்தது. அதுக்கு மாலை. நெத்தியில பொட்டு. கீழ சிவப்பு பல்பு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னு எரியுது. ஒரு பொம்பளை அதுக்கு முன்னாடி நின்னு, என்னங்க, இப்படி எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு ஓ-ன்னு அழறா. நான் இங்க ஒக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்கேன்...

சிரிக்காதடா.

உன் அண்ணியா? ராத்திரி சோறு போட்டா. அப்புறம் மெதுவா கேக்கறா, அவ யாருங்க, உங்களை என்னங்கன்னு கூப்பிடறான்னு. நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ கேக்கற கேள்வியா இது? இன்னிக்குக் காலையில கம்பி கட்டற பழைய கூட்டாளி போன் பண்றான். அண்ணி, எப்ப ஆச்சு, ஒரு வார்த்தை சொல்லலையேன்னு அழறான். போனை எடுத்தது நான்.

...அவங்க ஒரு பெரியவர் படம் கேட்டாங்க, நீ எடுத்துக் கொடுத்த. மரியாதையான மூஞ்சியா வேணும்னாங்களா. உன் மூஞ்சியைக் கொடுக்கறதுதானே? அதுக்கு மரியாதை இல்லையா?

சரி, கதையை விடு. இன்னிக்கே படத்தைக் கழட்டு. அடுத்த மாசம் நாங்க வர்றதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிச் சுத்தமா...

என்ன?

...இல்ல, இப்ப ஒண்ணு சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு.

...பெரியவனா? பெரியவனா சொன்னான், நாங்க வரமாட்டோம்னு?

...எப்ப சொன்னான்? வீட்டை விடறதுக்கு முன்னாடியேவா?

...ம்.

...ம்.

என்கிட்ட டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னான்டா. என்ன தேதின்னு கேட்டேன், பாக்கலாம்ப்பான்னான். நான் தேதியைத்தான் பாக்கறேங்கறான்னு நெனச்சேன். உன் அண்ணி ஊருக்குக் கொண்டுபோக துணியெல்லாம் மடிச்சு வெச்சிருக்கா... அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்க. அப்பன் இனிமே இங்கதான், அங்க வீடு சும்மாதானே கிடக்குன்னு. அதுக்கப்புறம்தான் என்னைச் செவுத்துல ஏத்தினீங்க.

...வயசான காலத்துல தனியா எதுக்கா? தனியா இருந்தா எனக்கு என்னடா? இங்க மட்டும் யாரு கூட இருக்கேன், பொட்டி கூடத்தானே?

அது என்ன அங்க சத்தம்? யாரோ அழறாங்க... இப்பயும் எடுத்துக்கிட்டிருக்காங்களா? நீ என் வீட்டுலயே நின்னுக்கிட்டுத்தான் பூட்டியிருக்குன்னு சொன்னியா?

...யாரு? டைரக்டரா? கொடு.

சொல்லுங்க தம்பி. ஆமா, நான்தான், அந்தச் செத்தவன்... இருக்கட்டும், மன்னிப்பெல்லாம் வேணாம். படத்தைக் கழட்டுங்க... ஏன் முடியாது?... நூத்துப் பத்து நாளா அழுதாச்சா... அந்த ஆள் செத்ததுலதான் கதையே நிக்குதா. சரிதான், தூண்தான் அட்டையாச்சே, கதையாவது எது மேலயாவது நிக்கணும்ல...

...என்னது? நானா? செத்தவரோட ரெட்டைப் பிறவி அண்ணனா?... வெளிநாட்டுலருந்து திடீர்னு வந்து எறங்கறாரா... தம்பி, நான் வந்து எறங்கறது நெசம். ஆனா நடிக்க வரல, குடியிருக்க வர்றேன். நான் வரும்போது உங்க லைட்டும் ஒயரும் என் கூடத்துல கிடந்தா தெருவுல கிடக்கும். போனை அவன்கிட்ட கொடுங்க...

ம், சொல்லு... ஆமா... ஆமா, கேக்குது. பதினஞ்சு நாள்ல காலி பண்ணிடுவாங்க. படத்தை நீயே கழட்டி பீரோவுல வெச்சிடுவ. பழைய பெயிண்டையே அடிச்சுடுவ. பெரியவன்கிட்டயும் நீயே எடுத்துச் சொல்லுவ...

சத்தியமா? எது மேல, அந்த அட்டைத் தூண் மேலயா?

இல்லடா, கோவம் இல்ல. நம்பலை, அவ்வளவுதான். நீ சொன்னதுல ஒரு வார்த்தையும் நம்பலை. உன் டைரக்டரையும் நம்பலை, என் மகனையும் நம்பலை. பாஸ்போர்ட்டு ரெண்டையும் பத்திரமா இருக்கட்டும்னு அவன்தான் வாங்கி வெச்சான். மேல அவன் ரூம்ல அலமாரி இருக்கு, போய்த் தேடறேன். அவன் வர்றதுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு...

...பேசு, பேசு, பேசிக்கிட்டே இரு. போனை உன் அண்ணி பக்கத்துல வெச்சுட்டுப் போறேன். அவ காதுல விழாது, சீரியல் ஆரம்பிச்சுடுச்சு.